பத்து வருஷம் கழித்து எவ்வளவு கரண்ட் வேண்டும்? – வாசகர் கேள்வி பதில்

ஐந்து, பத்து, இருபது வருஷம் கழித்து ஒரு பொருள் எவ்வளவு தேவைப்படும் என்று இன்றைக்கே எப்படிக் கணக்குப் போடுகிறார்கள் என்பதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மின்சாரத்தைப் பற்றியே இருந்தன. கோடைகாலம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. சில கேள்விகள் மட்டும் இங்கே.

எங்கள் பாடப் புத்தகத்தில் தேவைக் கணிப்பை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். ஆட்களைக் கேட்டுச் சொல்வது ஒன்று: நிபுணர் கருத்து, விற்பனைப் பிரதிநிதிகளின் கருத்து, வாடிக்கையாளர் சர்வே, டெல்ஃபி (நிபுணர்களைத் தனித்தனியே எழுத்தில் சுற்றுச் சுற்றாகக் கேட்பது). கணக்குப் போட்டுச் சொல்வது இன்னொன்று: போக்குக் கோடு, ரிக்ரஷன் (ஒன்று மாறினால் இன்னொன்று எவ்வளவு மாறுகிறது என்று பழைய புள்ளிவிவரத்திலிருந்து கணக்கிடுவது), இறுதிப் பயன்பாட்டு முறை. நீண்டகாலத்துக்கு எது நல்லது? 'இரண்டையும் சேர்த்து' என்று எழுதினால் மார்க் வருகிறது. நிஜத்தில்?
– எம்.பி.ஏ. மாணவி, திருச்சி

மார்க் வருகிறதல்லவா, அப்படியே எழுதுங்கள். நிஜத்தில் இந்தப் பிரிவினை ஓர் அளவுக்கு மேல் நிற்காது. கணக்கு முறை என்று பெயர் வாங்கிய ஒவ்வொன்றுக்குள்ளும் யாரோ ஒருவருடைய கருத்து உட்கார்ந்திருக்கும். அது எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்தால் பாதிப் பாடம் முடிந்தது.

நம் ஊர் உதாரணமே எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் இலவச மின்சாரம் பெறும் விவசாய பம்புசெட்டுகள் இருபது லட்சத்துக்கும் மேல். பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் கிடையாது. அவற்றுக்கு வருஷத்துக்கு எத்தனை யூனிட் போகிறது என்று எப்படிச் சொல்வது? பம்புகளின் எண்ணிக்கை, ஒரு பம்பின் சராசரி குதிரைத்திறன், வருஷத்தில் அது ஓடும் மணி நேரம், மூன்றையும் பெருக்க வேண்டியதுதான். இதற்குத்தான் இறுதிப் பயன்பாட்டு முறை என்று பெயர். ஐந்து எச்.பி. மோட்டார் என்றால் சுமார் 3.73 கிலோவாட் (மோட்டாரில் வீணாவதை விட்டுவிடுவோம்). வருஷத்துக்கு 1000 மணி நேரம் ஓடினால் 3730 யூனிட். 20 லட்சம் பம்புக்கு 746 கோடி யூனிட். அதே மோட்டார் 1500 மணி நேரம் ஓடுகிறது என்று ஒருவர் சொன்னால் 1119 கோடி யூனிட். நடுவில் 373 கோடி யூனிட் வித்தியாசம், எல்லாம் அந்த 'ஆயிரமா ஆயிரத்து ஐந்நூறா' என்ற ஒரே எண்ணால். அந்த எண் எங்கிருந்து வந்தது? சில இடங்களில் மாதிரிக்கு மீட்டர் வைத்துப் பார்த்திருப்பார்கள், அப்புறம் மழை நல்ல வருஷமா, கிணறு வற்றிய வருஷமா என்று ஓர் அனுமானம். தசம ஸ்தானம் வரைக்கும் போட்ட அட்டவணையில் அது அனுமானம் என்பதே தெரியாது. இதில் இன்னொன்று, எதிர்காலத்தை விடுங்கள், இது போன வருஷக் கணக்கு.

இப்போது அகில இந்திய அளவுக்கு வருவோம். மத்திய மின்சார ஆணையம் சில வருஷங்களுக்கு ஒருமுறை எலெக்ட்ரிக் பவர் சர்வே என்ற கணிப்பை வெளியிடுகிறது. மாநிலம் மாநிலமாக, வீடு, விவசாயம், தொழிற்சாலை என்று பிரித்து, பெரும்பாலும் மேலே சொன்ன முறையில்தான். 2011 இறுதியில் வந்த 18-வது சர்வே, 2016-17-இல் நாட்டின் உச்சத் தேவை (ஒரே நேரத்தில் கேட்கப்படும் அதிகபட்ச மின்சாரம்) சுமார் 1,99,500 மெகாவாட் இருக்கும் என்றது. அந்த வருஷம் உண்மையில் வந்தது சுமார் 1,59,500. அதாவது கணிப்பு 25 சதவீதம் அதிகம். அதே சர்வே 2021-22-க்குச் சொன்னது சுமார் 2,83,500. வந்தது 2,03,000 சொச்சம். இது 40 சதவீதம் அதிகம். நடுவில் 2017-இல் வந்த 19-வது சர்வே அதே 2021-22-க்கான எண்ணை 2,25,750 என்று இறக்கியது. அதுவும் அதிகம்தான், ஆனால் கொரோனாவை 2017-இல் யார் எதிர்பார்க்க முடியும், அதனால் அவர்களை ரொம்பத் திட்ட வேண்டாம்.

18-வது சர்வே ஏன் தப்பியது? பெருக்கல் தெரியாதவர்கள் போட்ட கணக்கில்லை அது. பொருளாதாரம் எட்டு, ஒன்பது சதவீதத்தில் ஓடிக்கொண்டே இருக்கும் என்று டெல்லியில் எல்லாரும் நம்பிய காலத்தில் போட்டது. அடுத்த வருஷங்களில் தொழில் வளர்ச்சி சுணங்கியது, மாநில மின்வாரியங்கள் கடனில் மூழ்கி, கரண்ட் சந்தையில் கிடைத்தாலும் வாங்கக் காசில்லாமல் நின்றன. போதாக்குறைக்கு எல்.இ.டி. பல்பு. 2014 தொடக்கத்தில் மத்திய அரசு நிறுவனம் மொத்தமாகக் கொள்முதல் செய்யும்போது ஒரு பல்பு 310 ரூபாய். இரண்டு மூன்று வருஷத்தில் அது 38 ரூபாய்க்கு வந்துவிட்டது. 60 வாட் குண்டு பல்பு எரிந்த இடத்தில் 9 வாட் பல்பு வந்து உட்கார்ந்தது, அதுவும் கோடிக்கணக்கான வீடுகளில். கடந்தகாலப் புள்ளிவிவரத்தை எத்தனை தடவை பிழிந்தாலும் இந்த விலைச் சரிவு அதிலிருந்து வராது. பல்புத் தொழிலில் இருந்த நாலு பேரை உட்காரவைத்துக் கேட்டிருந்தால் ஓரளவு வந்திருக்கலாம்.

இந்த இடத்தில்தான் ஆட்களின் கருத்துக்கு வேலை. எண்ணை அவர்களிடம் கேட்காதீர்கள். அடுத்த பத்து வருஷத்தில் பழைய கணக்கு எங்கே உடையும் என்று கேளுங்கள். உடையும் இடம் தெரிந்தபின் எண்ணைக் கணக்கு பார்த்துக்கொள்ளும்.

கோவையில் சின்ன அளவில் பம்பு தயாரிக்கிறோம். ஒவ்வொரு ஏப்ரலிலும் டீலர்களையும் நம் சேல்ஸ் பையன்களையும் கேட்டுத்தான் திட்டம் போடுகிறேன். பையன்கள் எப்போதும் குறைத்தே சொல்கிறார்கள், டீலர்கள் எப்போதும் கூட்டியே சொல்கிறார்கள். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் போதுமா?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

போதாது. ஆனால் நீங்கள் கவனித்தது ரொம்பச் சரியான விஷயம். பையன் சொல்லும் எண்தான் அவனுக்கு டார்கெட்டாகத் திரும்பி வருகிறது என்றால் எவன் உண்மையைச் சொல்வான்? டீலருக்குச் சீசனில் சரக்கு கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம், நூறு வேண்டுமென்றால் நூற்றைம்பது என்பார், வேண்டாதபோது மீதியை எடுக்காமல் விட்டால் யார் கேட்கப் போகிறார்கள். இரண்டு பேரும் மனசாட்சிப்படிதான் நடக்கிறார்கள், அவரவர் லாபநஷ்டத்துக்கு ஏற்ப. நான்கைந்து வருஷம் அவர்கள் சொன்னதையும் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள். ஒவ்வொருவரும் எத்தனை சதவீதம் கூட்டுகிறார், குறைக்கிறார் என்பது ஆச்சரியப்படும் அளவுக்கு ஒரே மாதிரி இருக்கும், அந்த அளவுக்குத் திருத்திக்கொள்ளலாம். டார்கெட்டையும் கணிப்பையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டால் இன்னும் நல்லது.

இதெல்லாம் அடுத்த சீசனுக்கு. பத்து வருஷத்துக்கு டீலரைக் கேட்காதீர்கள், அவருக்கும் தெரியாது. பம்பு வாங்குபவர்கள் இரண்டு வகை: பழையது போய்ப் புதிது வாங்குபவர், முதல் முறை வாங்குபவர். முதல் வகையைக் கணக்குப் போட முடியும். ஒரு தாலுகாவில் 15,000 பம்பு இருந்து ஒரு பம்பின் ஆயுள் 10 வருஷம் என்றால் வருஷத்துக்கு 1500 மாற்று, ஆயுள் 15 வருஷமென்றால் 1000. ஆயுள் எவ்வளவு? காயில் கட்டும் கடைகளில் போய் உட்காருங்கள். ஒரே மோட்டார் எத்தனாவது முறையாகக் காயில் கட்ட வருகிறது, எத்தனாவது முறையில் விவசாயி 'போதும்ப்பா, புதுசு வாங்கிடறேன்' என்கிறார் என்று அந்த மெக்கானிக்குக்குத் தெரிந்த அளவு எந்தச் சர்வே கம்பெனிக்கும் தெரியாது. இதுவும் கருத்து முறைதான், ஆனால் தன் கையால் தினம் தொடும் விஷயத்தைப் பற்றிய கருத்து.

இரண்டாவது வகை அரசாங்கத்தின் கையில் இருக்கிறது. 2021-இல் தமிழக அரசு ஒரு லட்சம் புது விவசாய இணைப்பு என்று அறிவித்தது, அடுத்த வருஷம் இன்னொரு ஐம்பதாயிரம். வருஷக்கணக்கில் வரிசையில் காத்திருந்தவர்கள் அத்தனை பேரும் கொஞ்ச காலத்துக்குள் பம்பு வாங்க வந்தார்கள். உங்கள் பத்து வருஷ விற்பனையை வைத்துக் கோடு இழுத்தால் அந்தக் குவியல் உங்களுக்குத் தெரியாது, அது முடிந்தபின் வரும் பள்ளமும் தெரியாது. காத்திருப்போர் பட்டியல் எவ்வளவு நீளம் என்று மின்வாரிய அலுவலகத்தில் விசாரிப்பது எந்த ரிக்ரஷனையும் விட மலிவு. அப்புறம் சோலார் பம்பு மானியம், நிலத்தடி நீர் மட்டம், இந்த இரண்டையும் தனியாகப் பாருங்கள். நீர் இறங்க இறங்க மூன்று எச்.பி. வாங்கியவர் ஏழரை வாங்குவார், எண்ணிக்கை அதேதான் இருக்கும், உங்கள் காப்பர் செலவு அதே இருக்காது.

எக்ஸெலில் கோடு இழுத்தேன், ஆர்-ஸ்கொயர் 0.98 வருகிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்?
– ஒரு வாசகர், ஓசூர்

0.98 என்பது நடந்து முடிந்ததோடு கோடு எவ்வளவு ஒட்டியது என்பதற்கான சான்றிதழ். நடக்கப் போவதைப் பற்றி அது வாய் திறக்கவில்லை. இரண்டாம் உலகப்போருக்குப் பின் அமெரிக்காவில் மின்தேவை வருஷத்துக்கு ஏறக்குறைய 7 சதவீதம் வளர்ந்தது, பத்து வருஷத்தில் இரட்டிப்பு, திரும்பப் பத்து வருஷத்தில் இரட்டிப்பு. உங்கள் 0.98-ஐ விட அழகான கோடு அது. 1973-இல் எண்ணெய் விலை ஏறியது, கரண்ட் கட்டணம் ஏறியது, வளர்ச்சி பாதிக்கும் கீழே போய்விட்டது. ஆனால் மின் நிறுவனங்கள் உடனே நம்பவில்லை. 'இந்த வருஷம் ஒரு விதிவிலக்கு, அடுத்த வருஷம் பழையபடி ஏறும்' என்று வருஷா வருஷம் புதுக் கணிப்பு போட்டார்கள், ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கொஞ்சம் தாழ்வாக, ஆனால் நிஜத்தைவிட உயரமாக. அந்தக் கோடுகளையெல்லாம் ஒரே படத்தில் வரைந்தால் விசிறி மாதிரி இருக்கும்.

அந்த நம்பிக்கைக்கு வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பொதுத்துறை மின் அமைப்பு கொடுத்த விலை பெரிது. ஐந்து அணுமின் நிலையங்களை ஒரே சமயத்தில் கட்ட ஆரம்பித்தார்கள். 1982-இல் நான்காவதையும் ஐந்தாவதையும் கைவிட்டார்கள், 1983-இல் அந்த இரண்டுக்காக வாங்கிய 225 கோடி டாலர் கடன்பத்திரங்களுக்குப் பணம் கட்ட முடியாமல் கைவிரித்தார்கள். ஐந்தில் கட்டி முடித்து ஓடியது ஒன்றுதான்.

100 யூனிட் தேவை 7 சதவீதத்தில் வளர்ந்தால் பத்து வருஷத்தில் 197, மூன்று சதவீதத்தில் வளர்ந்தால் 134. முப்பது வருஷம் என்றால் 761-க்கும் 243-க்கும் உள்ள வித்தியாசம். நீண்டகாலக் கணிப்பில் அந்த வளர்ச்சி விகிதம் ஒன்றுதான் எல்லாமே, அதை எக்ஸெல் தேர்ந்தெடுக்கவில்லை. எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை என்று டேட்டாவை இழுத்து விட்டது உங்கள் மவுஸ். ஆரம்ப வருஷத்தை நான்கு வருஷம் முன்னே பின்னே நகர்த்தி, விடை எவ்வளவு ஆடுகிறது என்று ஒரு தடவை பாருங்களேன்.

டெல்ஃபி முறை என்பது உண்மையில் வேலை செய்கிறதா, அல்லது வட்ட மேஜை மாநாட்டுக்கு வைத்த பெரிய பெயரா?
– ஒரு வாசகர், மதுரை

வட்ட மேஜைக்கு நேர் எதிரானது அது. மேஜையே கிடையாது. நிபுணர்கள் ஒருவரையொருவர் பார்க்கமாட்டார்கள், யார் சொன்னது என்று தெரியாது, எழுத்தில் கேள்வி, எழுத்தில் பதில், மற்றவர்களின் பதில்களின் சாரத்தைக் காட்டி மறுபடி கேள்வி. அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் 1950-களின் தொடக்கத்தில் நார்மன் டால்கி, ஓலாஃப் ஹெல்மர் இருவரும் செய்து பார்த்தது. எடுத்துக்கொண்ட விஷயம் பயங்கரமானது: சோவியத் திட்டக்காரர் ஒருவரின் இடத்தில் நின்று, அமெரிக்காவின் ஆயுத உற்பத்தியை ஒரு குறிப்பிட்ட அளவு குறைக்க எத்தனை அணுகுண்டு தேவை என்று சொல்ல வேண்டும். ஏழு நிபுணர்கள். முதலில் வந்த பதில்கள் 50-இலிருந்து 5000 வரை! ஐந்து சுற்று முடிந்தபோது 167-க்கும் 360-க்கும் நடுவில் வந்து நின்றன. ராணுவ விஷயம் என்பதால் பத்து வருஷத்துக்கு மேல் கழித்து 1963-இல்தான் இதை வெளியே சொன்னார்கள்.

இதைப் படிப்பவர்கள் உடனே 'பார், ஒருமித்த கருத்து வந்துவிட்டது' என்று குதிப்பார்கள். எண்கள் நெருங்கியது நிஜம். உண்மைக்கு நெருங்கினவா? அந்தக் கேள்விக்கு யாராலும் விடை சரிபார்க்க முடியாது, நல்லவேளை. கூட்டத்தோடு ஒத்துப்போவது மனித சுபாவம், பெயர் மறைத்தாலும் நடுவெண்ணைக் காட்டினால் ஆட்கள் அதை நோக்கி நகர்வார்கள். அதனால் டெல்ஃபியில் எனக்குக் கடைசி எண்ணைவிட, கடைசிச் சுற்றிலும் மசியாமல் தனியாக நிற்பவர் எழுதிய காரணம்தான் முக்கியமாகப் படுகிறது.

இருந்தாலும் நம் அலுவலகங்களுக்கு இதைவிட ஏற்ற முறை கிடையாது. தலைமைப் பொறியாளர் முதலில் ஓர் எண்ணைச் சொல்லிவிட்டால் அப்புறம் அந்த அறையில் யார் என்ன சொல்வார்? 'கரெக்ட் சார்' என்பதைத் தவிர வேறு டேட்டா வராது. சீட்டில் எழுதிக் கொடுக்கச் சொன்னால் புதிதாகச் சேர்ந்த உதவிப் பொறியாளருக்குத் தெரிந்தது மேலே வரும். மின்சார ஆட்டோ, மின்சார பஸ், வீட்டு மாடி சோலார் மாதிரி நீண்ட பழைய புள்ளிவிவரம் இல்லாத விஷயங்களுக்கு வேறு வழியும் இல்லை.

நான் ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியன். 2008-க்குப் பிறகு வந்த மின்வெட்டுக் காலத்தில் கரண்டே இல்லை, அப்போது விற்பனையும் குறைவு. அந்த விற்பனையை வைத்துப் போட்ட தேவைக் கணிப்பு எப்படிச் சரியாக இருக்கும்?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

இருக்காது, அய்யா. கொடுத்தது விற்பனை. கேட்டது தேவை. கொடுக்கவே இல்லாத நேரத்தில் எவ்வளவு கேட்டிருப்பார்கள் என்பதை மீட்டர் எழுதாது. வெட்டிய பீடரில் (ஒரு பகுதிக்குக் கரண்ட் கொண்டுபோகும் மின்பாதையில்) வழக்கமாக எவ்வளவு லோடு ஓடும் என்று பார்த்து, அதைக் கூட்டி 'கட்டுப்பாடில்லாத தேவை' என்று ஒரு கணக்கு போடுவார்கள், உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் அதிலும் ஒரு பகுதி தப்பிவிடும். கரண்ட் நம்பமுடியாது என்று ஜெனரேட்டர் வாங்கிப்போட்டவர், ஏ.சி. வாங்குவதைத் தள்ளிப்போட்டவர், ஆலையை விரிவாக்காமல் விட்டவர், வேறு மாநிலத்துக்குப் போனவர், இவர்கள் எந்தப் பீடரிலும் இல்லை. சப்ளை சீரானபின் தேவை எகிறியதற்கு இவர்களும் ஒரு காரணம். 2024 மே 2-ஆம் தேதி தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,830 மெகாவாட் வரை போனது.

இதே கதை டெலிபோனில் இன்னும் பெரிதாக நடந்தது. 1999-இல் வந்த தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை, 2005-இல் நூறு பேருக்கு 7 போன், 2010-இல் நூறு பேருக்கு 15 போன் என்று இலக்கு வைத்தது. வருஷக்கணக்கில் இணைப்புக்குக் காத்திருந்த நாட்டில் அதுவே பேராசையாகத் தெரிந்திருக்கும். 2010 மார்ச்சில் நூறு பேருக்கு 50-ஐத் தாண்டிவிட்டது. 1995-இல் செல்போன் வந்தபோது நிமிஷத்துக்கு 16 ரூபாய் வரை, வருகிற அழைப்புக்கும் காசு. அந்த விலையில் யாருக்குத் தேவை இருந்தது? 2003-இல் வரும் அழைப்பு இலவசமாகி, நிமிஷம் ஒரு ரூபாய், அதற்கும் கீழே என்று இறங்கியபோது பால்காரர், பூக்காரம்மா எல்லாரும் வாடிக்கையாளர். காத்திருப்போர் பட்டியலில் பெயர் கொடுத்தவர்களை மட்டும் எண்ணியிருந்தால் இவர்களில் ஒருவரும் கணக்கில் வந்திருக்க மாட்டார்கள்.

மெட்ரோ ரயில் திட்டங்களில் தினமும் இத்தனை லட்சம் பேர் போவார்கள் என்கிறார்கள், அப்புறம் பாதி கூட வருவதில்லை. இதுவும் கணிப்புப் பிழைதானா?
– ஒரு வாசகி, சென்னை

பிழை என்றால் சில தடவை மேலே, சில தடவை கீழே போக வேண்டும். டென்மார்க்கைச் சேர்ந்த பெண்ட் ஃப்ளூப்யா என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் 14 நாடுகளில் 210 போக்குவரத்துத் திட்டங்களைப் பார்த்து 2005-இல் எழுதினார்கள்: ரயில் திட்டங்களில் பத்துக்கு ஒன்பதில் பயணிகள் எண்ணிக்கை கூட்டியே சொல்லப்பட்டிருந்தது, சராசரியாக வந்தவர்கள் சொன்னதில் பாதிக்கும் கொஞ்சம் குறைவு. ஒரே பக்கம் சாய்ந்த தராசைப் பிழை என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது. எண்ணைக் குறைத்துச் சொன்னால் திட்டத்துக்கு அனுமதி வராது, கடன் வராது. கன்சல்டன்டுக்கு அடுத்த வேலையும் வராது. கணிப்பைப் போட்டவருக்கு அந்தக் கணிப்பால் என்ன கிடைக்கும் என்பதை முதல் பக்கத்திலேயே அச்சடிக்கச் சொன்னால் நன்றாயிருக்கும்.

ஏ.ஐ., டேட்டா சென்டர் இவையெல்லாம் வந்து இருக்கிற கரண்டை எல்லாம் குடித்துவிடும் என்கிறார்களே?
– மென்பொருள் பொறியாளர், சென்னை

1999-இல் இதே பாட்டை வேறு ராகத்தில் பாடினார்கள். ஃபோர்ப்ஸ் இதழில் வந்த ஒரு கட்டுரை, கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும் அடுத்த பத்து வருஷத்தில் அமெரிக்க மின்சாரத்தில் பாதியைச் சாப்பிட்டுவிடும், இன்னும் நிலக்கரி தோண்டுங்கள் என்றது. அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வகத்தில் சாதனங்களை ஒவ்வொன்றாக எண்ணி, ஒவ்வொன்றின் வாட்டையும் பார்த்தபோது அந்தக் கணக்கு பல மடங்கு மிகை என்று தெரிந்தது. பத்து வருஷம் கழித்துப் பாதியும் ஆகவில்லை, பாதியில் பாதியும் ஆகவில்லை.

அதற்காக இந்தத் தடவையும் அப்படியே என்று நான் சொல்லமாட்டேன். அதே பெர்க்லி ஆய்வகம் 2024 இறுதியில் வெளியிட்ட அறிக்கையில், 2023-இல் அமெரிக்க மின்சாரத்தில் 4.4 சதவீதம் டேட்டா சென்டர்களுக்குப் போனது, 2028-இல் அது 6.7-இலிருந்து 12 சதவீதம் வரை இருக்கலாம் என்கிறார்கள். கவனியுங்கள், ஐந்தே வருஷத்துக்கு, இந்த விஷயத்தில் நல்ல பெயர் உள்ளவர்களே, ஏறக்குறைய இரண்டு மடங்கு இடைவெளி விட்டுத்தான் சொல்கிறார்கள். ஒற்றை எண்ணோடு வருபவரைவிட இவர்களை நான் நம்புவேன். இன்னொரு சிக்கல், டேட்டா சென்டர் கட்டும் கம்பெனி ஒன்றுக்கு ஓர் இடம்தான் தேவை, ஆனால் எங்கே சீக்கிரம் கனெக்‌ஷன் கிடைக்கும் என்று பார்க்க நாலு இடத்தில் விண்ணப்பம் போடும். நாலு மின் நிறுவனமும் அதைத் தங்கள் எதிர்காலத் தேவையில் சேர்த்துக்கொள்ளும். கோயம்புத்தூர் வாசகரின் டீலர்கள் செய்வதும் இதுதான்.

ராஜபாளையத்தில் சின்ன ஸ்பின்னிங் மில். அடுத்த ஏழெட்டு வருஷத்தில் ஸ்பிண்டில் (நூல் நூற்கும் கதிர்) கூட்ட எண்ணம். கணிப்பு எப்படியும் தப்பும் என்று நீங்களே சொல்கிறீர்கள், பிறகு எதற்கு அதைப் போட்டு நேரத்தை வீணாக்க வேண்டும்? கரண்ட் லோடு எவ்வளவுக்கு வாங்கிவைப்பது?
– ஒரு வாசகர், ராஜபாளையம்

தப்பும் என்பது உறுதி, எந்தப் பக்கம் தப்பினால் எவ்வளவு வலிக்கும் என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் போட வேண்டும். உங்கள் உயரழுத்த இணைப்பையே எடுங்கள். 1000 கே.வி.ஏ. சாங்ஷன் டிமாண்ட் (மின்வாரியத்தோடு ஒப்பந்தம் போட்ட உச்ச அளவு) வாங்கிவைத்து மாதத்தில் 700-தான் தொட்டீர்கள் என்றால், ஒப்பந்த அளவில் 90 சதவீதத்துக்கு, அதாவது 900-க்கு டிமாண்ட் சார்ஜ் (யூனிட் கணக்கு தனி, இது அந்த உச்ச அளவுக்கான மாதக் கட்டணம்) கட்டுகிறீர்கள். உபயோகிக்காத 200 கே.வி.ஏ.-க்கு மாதா மாதம் தண்டம். மாறாக 700-க்கு வாங்கி 760 போய்விட்டால் கூடுதலுக்கு அபராதக் கட்டணம், ஆனால் அளவு தாண்டிய அந்த மாதத்துக்கு மட்டும். எந்தப் பக்கத் தப்பு உங்களுக்கு மலிவு என்பதை உங்கள் பழைய பில்லை எடுத்து வைத்தாலே தெரிந்துவிடும், அரை மணி நேர வேலை.

ஏழெட்டு வருஷத்துக்கும் ஒரே எண் போடாதீர்கள், மூன்று போடுங்கள். நூல் ஆர்டர் நன்றாக வந்து இரண்டு தடவை ஸ்பிண்டில் கூட்டினால் எவ்வளவு, ஒரு தடவை கூட்டினால் எவ்வளவு, கூட்டவே முடியாமல் பழைய மெஷினை மாற்றி மின்சாரம் மிச்சமானால் எவ்வளவு. கேபிள் பாதை, டிரான்ஸ்பார்மர் வைக்கும் இடம், பேனல் அறை, இவற்றைப் பெரிய எண்ணுக்குக் கட்டிவிடுங்கள், காலி இடத்துக்கு மாதக் கட்டணம் கிடையாது. சாங்ஷன் டிமாண்டை மட்டும் நடு எண்ணுக்குக் கீழேயே வைத்து, மெஷின் ஆர்டர் கொடுக்கும்போது கூட்டிக்கேளுங்கள். புது லோடு கிடைக்க உங்கள் பகுதியில் எத்தனை மாதம் ஆகிறது என்று பக்கத்து மில்காரரிடம் விசாரித்துக்கொள்ளுங்கள், மெஷின் வந்து இறங்கும் நாளிலிருந்து அத்தனை மாதம் பின்னே போய் விண்ணப்பம் போடும் தேதியைக் காலண்டரில் குறித்துவிடலாம். மாடியில் சோலார் போடும் எண்ணம் இருந்தால் அதைத் தனிப் பத்தியில் எழுதுங்கள், பகலில் யூனிட் குறையும், ராத்திரி ஷிஃப்ட்டில் உங்கள் கே.வி.ஏ. அப்படியேதான் நிற்கும்.